மலை ரயில் தினசரி வண்டியானால் கேத்தியிலும் அருவங்காட்டிலும் அடுக்குமாடி வருமா?

கேள்வி இதுதான்: கோவை–மேட்டுப்பாளையம் மெமு வண்டிகளை, அதாவது குறுந்தூர மின்ரயில்களை, கூட்டி, குன்னூர்–ஊட்டி மலை ரயிலையும் வேலைக்குப் போகிறவர்களுக்கான தினசரி வண்டியாக மாற்றினால், தாம்பரம், வண்டலூர் பக்கம் வந்ததுபோல வெலிங்டன், அருவங்காடு, கேத்தி நிலையங்களைச் சுற்றியும் அடுக்குமாடிகள் வருமா? இப்போதே ஸ்டேஷன் பக்கம் இடம் வாங்கிப் போடலாமா?

மலை மேல் வராது. வரவும் கூடாது. அடிவாரத்தில், அதாவது துடியலூர் முதல் காரமடை வரை, சில நிபந்தனைகள் கூடிவந்தால் வரும். ஏன் என்று புரிய, ரயில் எப்படி மாடியை எழுப்புகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். "ஸ்டேஷன் வந்தால் பில்டிங் வரும்" என்று புரோக்கர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை.

ரயில் நேரடியாகக் கட்டடத்தை எழுப்புவதில்லை, நிலத்தின் விலையை ஏற்றுகிறது. நகரின் வேலை இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிகிற இடம் எதுவோ அங்கே வாங்க ஆள் கூடுகிறது, விலை ஏறுகிறது. அந்த ஒரு மணி நேரம் வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரையிலான கணக்கு. வண்டிக்குள் 35 நிமிடம்தான் என்றாலும், நிலையத்துக்கு நடக்க 10, காத்திருக்க 15, இறங்கி மாற்றுப் பேருந்து பிடிக்க 20 என்று சேர்ந்தால் கணக்கு உடைந்துவிடும். அதனால் வேகத்தைவிட முக்கியமானது வண்டிகளின் இடைவெளி. 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி இருந்தால் யாரும் நேர அட்டவணையைப் பார்ப்பதில்லை. காலை 7.20-ஐ விட்டால் அடுத்தது 9.40 என்றால், வசதியுள்ளவர்கள் பைக் வாங்கிவிடுவார்கள்.

மாறாமல் போகிற வண்டியும் அதே அளவு முக்கியம். நியூ ஜெர்சியின் சவுத் ஆரஞ்ச், மேப்பிள்வுட் ஊர்களிலிருந்து மன்ஹாட்டன் போக ஒரு காலத்தில் ஹோபோக்கனில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டியிருந்தது. 1996-இல் நேரடி வண்டிகள் ஓடத் தொடங்கின. பாதையும் நிலையங்களும் பழையவைதான், ஆனால் வீட்டு விலை ஏறியது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், விலை ஏறிய பிறகும் அந்த ஊர்களின் பெரும்பகுதி தனிவீட்டுத் தெருக்களாகவே இருக்கிறது. உள்ளூர் கட்டட விதி உயரத்தை அனுமதிக்கவில்லை. விலை ஏறுவது ஒன்று, மாடி ஏறுவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே விதி நிற்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் இதைப் பார்த்துத்தான் 2021-இல் சட்டமே போட்டது: பாஸ்டன் ரயில் சேவை தொடும் 177 ஊர்கள், ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடு என்ற அடர்த்தியில் பல குடும்பக் கட்டடங்களை உரிமையாகவே அனுமதிக்கும் ஒரு பகுதியை வகுக்க வேண்டும். நிலையம் உள்ள ஊர் என்றால் அந்தப் பகுதி பெரும்பாலும் நிலையத்திலிருந்து அரை மைலுக்குள் அமைய வேண்டும்.

இனி நம் மாநிலத்துக் கணக்கு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, சமவெளியில் 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குக் கீழே, ஸ்டில்ட் பிளஸ் ஐந்து வரை (கீழே வண்டி நிறுத்தும் தூண்தளம், மேலே ஐந்து தளம்), சாதாரணக் கட்டடம். அதற்கு எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 2. உயர்மாடிக்கு, 18 மீட்டர் அகலச் சாலை இருந்தால், 3.25. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் அதில் 4,800 சதுர அடி கட்டலாம், 3.25 என்றால் 7,800.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலம் சதுர அடி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கட்டடத்தில் ஒவ்வொரு சதுர அடி கட்டுமானத்தின் மேலும் 1,500 ரூபாய் நிலச் செலவு ஏறும். உயர்மாடியில் ஏறக்குறைய 920. மிச்சம் 580. ஆனால் உயர்மாடி கட்ட அடித்தளம், கூடுதல் லிஃப்ட், இரண்டாவது படிக்கட்டு, தீயணைப்புக் குழாய், பம்ப், தொட்டி, நீண்ட கட்டுமான காலத்துக்கான வட்டி எல்லாம் சேர்ந்து சதுர அடிக்கு 800 ரூபாய் கூடுதல் ஆகிறது என்று வையுங்கள். அப்படியானால் உயரம் நஷ்டம். நிலம் 4,000-ஐத் தாண்டும் இடத்தில் இரண்டும் சமமாகும். 12,000 என்று இருந்தால் உயர்மாடியில் சதுர அடிக்கு 2,300 மிச்சம், யாரும் ஐந்து மாடியோடு நிறுத்த மாட்டார்கள். ரயில் செய்வது அந்த நில விலையைக் கோட்டைத் தாண்டவைக்கும் வேலை. புறநகரில் ஐந்து மாடிக் கட்டடங்களும், திடீரென்று பன்னிரண்டு, பதினைந்து மாடிகளும் இருக்கின்றன. நடுவில் ஏழு, எட்டு மாடி அபூர்வம். காரணம் இதுதான். 18.30-ஐத் தாண்டினால் கூடுதல் செலவு மொத்தமாக வந்து விழுகிறது. தாண்டியபின் அதை ஈடுகட்டும் அளவுக்கு மேலே போய்த்தான் ஆக வேண்டும்.

மனையின் அகலமும் சும்மா விடாது. 30 மீட்டர் வரை உயரமுள்ள உயர்மாடிக் கட்டடத்தைச் சுற்றி நாற்புறமும் 7 மீட்டர் விட வேண்டும். 20 மீட்டர் சதுரக் கட்டடம் என்றால் மனை 34-க்கு 34, அதாவது 1,156 சதுர மீட்டர், ஏறக்குறைய இருபத்தெட்டரை சென்ட். பழைய புறநகர்த் தெருக்களில் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கொடுத்தால்தான் இந்த அளவு கிடைக்கும். அதனால்தான் நிலையத்தின் வாசலிலேயே பழைய ஓட்டு வீடுகள் நிற்க, அரை கிலோமீட்டர் தள்ளி, ஒரே ஆளிடமிருந்த பழைய தோப்பிலோ மூடிய ஆலையிலோ கோபுரம் எழுகிறது.

நடக்கும் தூரம் 500 முதல் 800 மீட்டர் என்று மத்திய அரசின் 2017 பொதுப் போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கை சொல்கிறது, சுமார் பத்து நிமிட நடை. வரைபடத்தில் வட்டம் போட்டு அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். தண்டவாளம் ஊரை இரண்டாக வெட்டுகிறது. சுரங்கப்பாதையோ, இருபுறமும் இறங்கும் நடைமேம்பாலமோ இல்லாத நிலையத்தில், டிக்கெட் கவுன்டர் உள்ள பக்கம் ஒரு விலை, மறுபக்கம் வேறு விலை. மறுபக்கத்து 300 மீட்டர், லெவல் கிராசிங் சுற்றிப் போனால் ஒன்றரை கிலோமீட்டர் ஆகிவிடும்.

பாதை போட்டுவிட்டாலே வளர்ச்சி வராது என்பதற்குச் சென்னை பறக்கும் ரயிலே சாட்சி. கடற்கரை–சேப்பாக்கம் 1995, மயிலாப்பூர் வரை 1997, வேளச்சேரி வரை 2007. பிரமாண்டமான நிலையக் கட்டடங்கள் எழுந்தன, மேல்தளங்கள் பல காலியாகவே கிடந்தன. பாதை பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிப் போகிறது. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் குறுகிய தெரு. இணைப்புப் பேருந்து சரியாக இல்லை. இருட்டிய பிறகு பெண்கள் தயங்கும் அணுகுபாதைகள். அதே காலத்தில் பழைய மாமல்லபுரம் சாலையில், புறநகர் ரயிலே இல்லாமல், ஐ.டி. அலுவலகங்களும் கோபுரங்களும் வரிசையாக எழுந்தன. அகலமான சாலையும் பெரிய மனைகளும் வேலையும் ஒன்றுசேர்ந்த இடம் அது.

திட்டமிட்டுச் செய்ததற்கு நவி மும்பையைப் பார்க்கலாம். அங்கே நகரத்தை அமைத்த சிட்கோ நிறுவனம், ரயில் பாதைச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை ஏற்றது. வாஷி நிலையம் 1992-இல் திறந்தபோது, அதன் மேலேயே அலுவலக வளாகமும் இருந்தது. நிலம் சிட்கோ கையில் இருந்ததால், ரயில் ஏற்றிய நில மதிப்பு ரயிலுக்கே திரும்பி வந்தது. நம் ஊர்களில் பாதை ரயில்வேயுடையது, சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, கட்டட அனுமதி நகர ஊரமைப்புத் துறையுடையது. விலை ஏற்றத்தின் பலன் முன்கூட்டி இடம் வாங்கிப்போட்டவர் கைக்குப் போகிறது, நடைபாதை போடக்கூட எவர் கையிலும் பணம் மிஞ்சுவதில்லை.

இப்போது கோவை–மேட்டுப்பாளையம். 1873 முதல் ரயில் வரும் ஊர் மேட்டுப்பாளையம். கோவை சந்திப்பிலிருந்து சுமார் 36 கிலோமீட்டர், அகலப்பாதை, மின்மயம், ஆனால் ஒற்றைப் பாதை. நடுவில் கோவை வடக்கு, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை. தரை ஏறக்குறைய சமம், ஊட்டி நெடுஞ்சாலை பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. மேலே சொன்ன நிபந்தனைகளில் நிலம், சாலை, கோவைக்கு நேரடி வண்டி மூன்றும் இருக்கின்றன. இல்லாதது வண்டிகளின் இடைவெளி. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காக நின்று நின்று போவதால், காலை இரண்டு மணி நேரத்தில் விரும்பியபடி வண்டி விட முடியாது. இங்கே உயரம் எழ வேண்டுமானால் முதலில் இரட்டைப் பாதை, அல்லது குறைந்தது கூடுதல் கிராசிங் லூப்கள் (எதிர்வண்டிக்கு வழிவிட ஒதுங்கி நிற்கும் கிளைப்பாதைகள்), கூடவே நிலையங்களின் இருபுறமும் வழி வேண்டும். அது நடந்தால் முதலில் ஏறுவது துடியலூரும் பெரியநாயக்கன்பாளையமும். மேட்டுப்பாளையம் கடைசி, ஏனென்றால் அது ஒரு மணி நேரக் கணக்கின் விளிம்பில் இருக்கிறது. கோவையில் மிக வேகமாக வளர்ந்த சரவணம்பட்டிக்கு ரயில் நிலையமே கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். வேலை அந்த ஊர் இருக்கும் சத்தி ரோட்டில் இருக்கும்போது, வடக்கு நோக்கிப் போகும் ரயில் பெரிதாக இழுக்காது.

அடிவாரத்திலும் எல்லா இடமும் ஒன்றல்ல. மலைப்பகுதிகளில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின், அதாவது ஹாக்காவின், பட்டியலில் கோவை மாவட்ட அடிவாரக் கிராமங்கள் பல உண்டு. கல்லாறு பக்கம் யானைகள் கடக்கும் வழியும் இருக்கிறது. இங்கே மனை பார்க்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "ஸ்டேஷன் எவ்வளவு தூரம்" என்பது இல்லை, "இந்தக் கிராமம் ஹாக்காவில் இருக்கிறதா" என்பதுதான்.

மேலே போவோம். மேட்டுப்பாளையம்–குன்னூர் மீட்டர்கேஜ் பாதை 1899-இல் திறந்தது, 1908-இல் ஊட்டிவரை நீண்டது. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. ஏற்றம் பன்னிரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர். அங்கே வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததால் பாதையை அகலப்படுத்தி, நேராக்கி, வேகமாக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலைக்குப் போகிறவருக்குப் பல்சக்கரப் பகுதி உதவாது. உதவக்கூடியது குன்னூர்–ஊட்டி, சுமார் 18 கிலோமீட்டர். அங்கே பல்சக்கரம் இல்லை, டீசல் எஞ்சின், ஏற்றம் இருபத்தைந்துக்கு ஒன்று, பயணம் ஒரு மணிக்குச் சற்று மேல்.

அந்தப் பகுதியின் கொள்ளளவைக் கணக்கிடலாம். கிராசிங் லூப்கள் 6 கிலோமீட்டருக்கு ஒன்று, சராசரி வேகம் 20 என்று வையுங்கள். ஒரு லூப்பிலிருந்து அடுத்ததற்கு 18 நிமிடம், எதிர்வண்டி திரும்பி வர 18, சிக்னல், டோக்கன் வேலைக்கு 4. ஆக 40 நிமிடத்துக்கு ஒரு திசையில் ஒரு வண்டி. வண்டிக்கு 200 பேர். காலை இரண்டு மணி நேரத்தில் மூன்று வண்டி, 600 பேர். சுற்றுலாப் பயணி ஒருவர்கூட ஏறாவிட்டால்தான் இந்த 600. நூறு ஃபிளாட் உள்ள ஒரு கட்டடத்திலிருந்து வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் 130 பேர், அதில் பாதி ரயிலேறுகிறார்கள் என்றால் 65. ஒன்பது கட்டடத்தில் பாதையின் மொத்தக் கொள்ளளவும் தீர்ந்தது. மும்பைப் புறநகர் ரயிலில் முன்பு ஓடிய, 1,700 பேருக்கான ஒன்பது பெட்டி வண்டி ஒன்றே நெரிசலில் 4,500 பேரைச் சுமந்தது. அங்கே ரயில் கோபுரங்களைத் தாங்குவதும் இங்கே தாங்க முடியாததும் இந்த அளவு வித்தியாசத்தால்தான்.

நடை வேறு இருக்கிறது. மலையில் நிலையத்திலிருந்து 500 மீட்டர் என்பது 80 மீட்டர் ஏற்றத்தோடு வரும். சமதரையில் 6 நிமிடம், ஏற்றத்துக்கு 100 மீட்டருக்கு 10 நிமிடம் வீதம் இன்னொரு 8. மளிகைப் பையோடு, மழையில், வழுக்கும் படிக்கட்டில் என்றால் இன்னும் கூடும். கேத்தி நிலையத்தையும் அதைச் சுற்றிய ஹட்டிகளையும் (படுகர் ஊர்கள்) பாருங்கள், லவ்டேல் நிலையம் மரங்களுக்கு நடுவே தனியாக நிற்பதைப் பாருங்கள். அன்று பாதை ஊர் இருந்த இடம் தேடிப் போகவில்லை, எஞ்சின் ஏற முடிந்த சரிவைத் தேடிப் போனது. வெலிங்டன், அருவங்காடு இரண்டும் ஊருக்கு நெருக்கம்தான், ஆனால் அங்கே ராணுவக் கன்டோன்மென்ட்டும் 1903-இல் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலையும் நிலத்தை வைத்திருக்கின்றன. அவற்றை ஒட்டிய தனியார் மனைக்குத் தடையில்லாச் சான்று இல்லாமல் ஒரு தளம்கூட நகராது.

விதிக்கு வருவோம். மலைவாசஸ்தலங்களுக்கென்று 1993-இல் தனிக் கட்டட விதிகள் வந்தன. நீலகிரியில் நீண்டகாலமாக நடைமுறையில் இருந்துவருவது 7 மீட்டர் உயர வரம்பு, அதாவது தரைத்தளமும் ஒரு மாடியும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால் பிளான் போடும் நாளன்று நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சமவெளியின் 18.30 மீட்டர், 3.25 எஃப்.எஸ்.ஐ. எல்லாம் இங்கே செல்லாது. ஜேசிபி, பொக்லைன் இறக்கவும் போர்வெல் போடவும் மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும்.

இது வெறும் அலுவலகக் கெடுபிடி என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை விரிவாகச் சொல்கிறேன். 10 மீட்டருக்கு 3 மீட்டர் இறங்கும் சரிவு நீலகிரியில் மிகச் சாதாரணம், 17 டிகிரி. அதில் 20-க்கு 20 மீட்டர் கட்டடத்துக்குச் சமதரை வெட்டினால், பின்பக்கம் 6 மீட்டர் உயரச் செங்குத்து வெட்டு விழும். வெட்டும் மண் 1,200 கனமீட்டர். கலைந்து பெருத்தால் 1,500. இரண்டு யூனிட் டிப்பரில் 260 நடைக்கு மேல். அதைக் கொட்ட இடம் ஏது? பெரும்பாலும் அதே சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளிவிடுகிறார்கள். மேலே வெட்டிய சுவர் ஆதரவின்றி நிற்கிறது, கீழே கொட்டிய தளர்மண் ஓடையை அடைக்கிறது. இங்குள்ள மண் சார்னோக்கைட் பாறை சிதைந்து உருவான செம்மண், பல இடங்களில் பல மீட்டர் ஆழம். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், அதனால் மேஸ்திரிக்கு நம்பிக்கை வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் உள்ளே ஏறி, துளைநீர் அழுத்தம், அதாவது மண்துகள்களுக்கு இடையே நிற்கும் நீரின் அழுத்தம், கூடியதும் அதே மண் பிடிப்பை இழக்கிறது. 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் என்ற இடத்தில் சாலையும் ரயில் பாதையும் சேர்ந்தே சரிந்தன. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த மழையில் மாவட்டம் முழுதும் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அடுக்குமாடிக்கு ஆசைப்படும் கேத்திப் பள்ளத்தாக்கு அதே கேத்திதான்.

தண்ணீர்க் கணக்கும் அப்படியே. நூறு ஃபிளாட், வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர்: 54,000 லிட்டர். 6,000 லிட்டர் லாரியில் ஒன்பது நடை, தினமும். கோடையில் குன்னூர்க்காரர்கள் குடிநீருக்குப் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போகும் நீர் வெளியேயும் வரும். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் அது செப்டிக் டேங்க், உறிஞ்சுகுழி வழியே சரிவுக்குள்தான் இறங்கும். மழை இல்லாத மாதத்திலும் சரிவு ஈரமாகவே இருக்கும். மழை வரும்போது சரிவதற்கு இந்தக் கழிவுநீரும் ஒரு காரணமாகிவிடும்.

"ஹாங்காங்கில் மலைச்சரிவில் நாற்பது மாடி நிற்கிறதே, ரயிலும் ஓடுகிறதே" என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. அங்கேயும் விலை கொடுத்துத்தான் கற்றார்கள். 1972 ஜூனில் போ ஷான் சாலையில் சரிவு வந்து 12 மாடிக் கட்டடத்தையே சாய்த்தது, 67 பேர் இறந்தார்கள். 1976-இல் இன்னொரு குடியிருப்பில் மீண்டும் சரிவு. அடுத்த ஆண்டே மண்ணியல் பொறியியலுக்கென்று தனி அரசு அலுவலகம் அமைத்து, ஒவ்வொரு வெட்டுச் சரிவுக்கும் எண் கொடுத்து, பதிவேடு வைத்து, வடிகால் பராமரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பல பத்தாண்டு அரசுச் செலவின் மேல்தான் அந்தக் கோபுரங்கள் நிற்கின்றன. அந்த ஏற்பாடு இல்லாமல் உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிம்லா இருக்கிறது. அதுவும் 1903 முதல் மலை ரயில் ஓடும் ஊர், சரிவெங்கும் ஐந்தாறு மாடிக் கட்டடங்கள். 2023 ஆகஸ்ட் 14 அன்று சம்மர் ஹில்லில் சரிவு ஏற்பட்டு, கோயிலில் இருந்தவர்கள் இருபது பேர் இறந்தார்கள். தண்டவாளத்தின் அடிமண் அடித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரின் மேலே ரயிலே கிடையாது. கொடைக்கானல் ரோடு நிலையம் சமவெளியில், மலையூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் கொடைக்கானலில் காட்டேஜும் ஹோட்டலும் பெருகின, 1993 மாஸ்டர் பிளானை மீறிய கட்டடங்கள் நீதிமன்றம் வரை போயின. மலையூர்களில் கட்டடத்தைப் பெருக்குவது சாலையும் சுற்றுலாவும் வார இறுதி வீடும்தான். 2025 கோடையில் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் அனுமதிக்கு உயர் நீதிமன்றம் வைத்த வரம்பு, நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஒரு நாளில் 6,000 வண்டி ஏறுகிற மலையில், காலையில் 600 பேரைச் சுமக்கும் ரயில் நில விலையை எந்தத் திசையிலும் பெரிதாக அசைக்காது.

அப்படியானால் மலை ரயிலை தினசரி வண்டியாக்குவது வீணா? இல்லவே இல்லை. கட்டடத்துக்காக இல்லாமல், ஏற்கெனவே இங்கே வாழ்கிறவர்களுக்காக அதைச் செய்ய வேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டி கலெக்டர் ஆபீசுக்கும், ஊட்டியிலிருந்து அருவங்காட்டுக்கும், பள்ளி கல்லூரிக்கும் போகிறவர்கள் தினமும் பேருந்தில் தொங்குகிறார்கள். காலை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே இரு திசையிலும் ஒரு வண்டி, முன்பதிவில்லாப் பெட்டி இரண்டு, உள்ளூர் சீசன் டிக்கெட், நிலைய வாசலில் வண்டி நேரத்துக்கு மினி பஸ், நிலையத்திலிருந்து ஹட்டிக்குக் கைப்பிடியும் விளக்கும் உள்ள படிப்பாதை. இவை போதும். வீடு தேவைப்பட்டால் சரிவின் உயரக்கோட்டை ஒட்டி, படிப்படியாக அமையும் இரண்டு தளத் தொடர்வீடுகள் போதும். ஒவ்வொரு வீட்டின் தரையும் ஒன்றரை மீட்டர் வீதம் இறங்கினால் வெட்டு ஆழம் ஆறு மீட்டரிலிருந்து ஒன்றரைக்குக் குறைகிறது.

கடைசியாக, இடம் வாங்கிப் போடலாமா என்ற கேள்வி. அடுக்குமாடிக் கனவில் வாங்காதீர்கள். குடியிருக்க வாங்குவதென்றால் சிலவற்றைப் பார்த்தே தீர வேண்டும். பட்டாவோடு புலப்பட வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் எடுத்து, ஓடைப் புறம்போக்கு மனையைத் தொடுகிறதா என்று பாருங்கள். முப்பது வருட வில்லங்கச் சான்று, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம், ஹாக்கா நிலை மூன்றும் எழுத்தில் வேண்டும். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் மனை வந்தால் ரயில்வேயின் தடையில்லாச் சான்று இல்லாமல் பிளான் அனுமதி கிடைக்காது. "ஸ்டேஷன் வியூ" என்று விற்கிற மனைகளில் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

மனையை ஏப்ரலில் பார்க்காதீர்கள், நவம்பரில் மழை விட்ட இரண்டாம் நாள் போய்ப் பாருங்கள். மேல்சரிவில் புதிதாக ஊற்றுக் கசிகிறதா, மரங்களின் அடித்தண்டு வளைந்து பின் நிமிர்ந்திருக்கிறதா, பக்கத்து வீட்டுத் தடுப்புச் சுவரில் வயிறு தள்ளியிருக்கிறதா, குறுக்கு விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த அடித்தண்டு, மண் மெல்ல நகர்வதற்கான அடையாளம். தடுப்புச் சுவரின் நீர்த்துளைகள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, வரிசை மாற்றி, 75 முதல் 100 மில்லிமீட்டர் குழாயில் இருக்க வேண்டும். பின்னால் ஒரு அடி கனத்துக்கு ஜல்லி நிரப்பியிருக்க வேண்டும். மழை விட்ட இரண்டாம் நாள் அந்தத் துளைகளிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் சுவர் வேலை செய்கிறது. துளை காய்ந்து, சுவர் மட்டும் ஈரமாக இருந்தால் பின்னால் நீர் அடைபட்டிருக்கிறது. துளை வழியே சிவந்த சேற்றுநீர் வந்தால் பின்னாலிருக்கும் மண் கரைந்துகொண்டிருக்கிறது. அந்தச் சுவருக்குக் கீழே உள்ள மனைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.